குழாயின் நாடி

இரவு பத்து மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு, மேல்தொட்டி நிரம்பி மோட்டாரை நிறுத்தினால் எங்கள் வீட்டில் ஒரு சத்தம் கேட்கும். முதலில் மோட்டாரின் முனகல் ஓயும். ஒரு கணம் ஒன்றுமிருக்காது. பிறகு சுவருக்குப் பின்னால் யாரோ சம்மட்டியால் ஓங்கி அடித்ததுபோல ஒரு ‘டம்’. அதன் வால்போல இன்னும் இரண்டு மூன்று, ஒன்றைவிட ஒன்று சிறியதாக. முதல்முறை வந்து தங்கும் விருந்தாளிகள் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள்.

“பைப் லூசா ஆடுது சார், கிளாம்ப் அடிச்சா சரியாயிடும்” என்றார் பிளம்பர். நான்கு கிளாம்ப் அடித்தார். அதன்பின் குழாயோடு சேர்ந்து சுவரும் அதிர ஆரம்பித்தது. குழாய் ஆடுவது விளைவு. காரணம் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர்.

மோட்டார் நின்ற கையோடு தண்ணீர் நின்றுவிடாது. ஏறிவந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் ஏறும். வேகம் தீர்ந்ததும் திரும்பிக் கீழே விழத் தொடங்கும். அது கிணற்றுக்கே போய்விடாமல் இருக்கத்தான் அடியில் ஒருவழி வால்வு வைக்கிறோம். அதிலுள்ள மடல் விழுந்து வழியை அடைப்பதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் தண்ணீர் இறங்கு வேகம் பிடித்துவிடும். மடல் சாத்திக்கொள்ளும்போது மூன்று மாடி உயரத் தண்ணீர்த்தூண் ஓட்டத்தின் நடுவே நின்றாக வேண்டும். பொறியாளர்கள் இதை வாட்டர் ஹாம்மர் என்கிறார்கள். நாம் நீர்ச்சம்மட்டி என்று வைத்துக்கொள்வோம். மெத்தென்ற தண்ணீருக்குச் சம்மட்டி என்ற பெயரா என்று கேட்பவர்கள், கிணற்றில் குதித்து வயிற்றில் அடிபட்டதே இல்லாதவர்களாக இருக்க வேண்டும்.

தண்ணீர் எப்படி நிற்கிறது என்பதில்தான் இந்த அத்தியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மடல் மூடிய அதே நொடியில் குழாயின் உச்சியில் இருக்கும் தண்ணீரும் நின்றுவிடுமா? அப்படி நிற்க வேண்டுமானால், ‘வழி அடைபட்டது’ என்ற செய்தி அதற்கு நேரமே எடுக்காமல் போய்ச் சேர வேண்டும். கூட்ஸ் வண்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் நின்றதும் முதல் பெட்டி அதன்மேல் இடித்து நிற்கும், அதன்மேல் இரண்டாவது, அதன்மேல் மூன்றாவது. ‘டக், டக், டக்’ என்ற ஓசை வண்டியின் கடைசிவரை ஓடும். கடைசிப் பெட்டிக்குத் தகவல் கிடைக்கும்வரை அது பாட்டுக்கு முன்னே வந்துகொண்டிருக்கும். பெட்டிகளுக்கு இடையே அமுங்கக்கூடிய வில்கள் இருப்பதால்தான் இந்தத் தாமதம். அப்படியானால் தண்ணீருக்குள்ளும் வில் இருக்கிறதா?

பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில், கலிலியோவின் சீடர் வட்டத்தைச் சேர்ந்தவர்கள் அக்கடெமியா டெல் சிமென்ட்டோ என்ற பெயரில் கூடிச் சோதனைகள் செய்துவந்தார்கள். தங்கள் சோதனைகளை 1667இல் நூலாக வெளியிட்டார்கள். அதில் ஒன்று: வெள்ளியால் செய்த கோளத்தில் தண்ணீரை நிரப்பி, இறுக மூடி, வெளியிலிருந்து தட்டி நெளித்தார்கள். கோளத்தை எங்கே நெளித்தாலும் உள்ளே இடம் குறையும். தண்ணீர் சுருங்கும் பொருளாக இருந்தால் குறைந்த இடத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. வெள்ளியின் மேற்பரப்பில் வியர்வைத்துளிகள்போலக் கசிந்து வெளியே வந்தது. தண்ணீர் சுருங்காது என்ற முடிவு அதன்பின் ஏறக்குறைய நூறாண்டு நிலைத்தது.

அதை மாற்றியவர் ஜான் கேன்டன் என்ற லண்டன் பள்ளி ஆசிரியர். 1762இல், மெல்லிய கழுத்துள்ள கண்ணாடிக் குமிழில் தண்ணீரை வைத்து, மேலே உள்ள காற்றின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். மயிரிழைபோன்ற அந்தக் கழுத்தில் நீர்மட்டம் மிகச் சிறிதளவு இறங்கி ஏறியது. ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் தண்ணீர் தன் பருமனில் ஏறத்தாழ 22,000இல் ஒரு பங்கு சுருங்கும். அவர் அன்று கண்ட அளவு இன்றைய அளவுக்கு மிக அருகில் இருக்கிறது. ஃபிளாரன்ஸ்காரர்கள் தவறு செய்யவில்லை. அவ்வளவு சிறிய சுருக்கத்தைக் காட்டும் கருவியாகச் சுத்தியல் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆக, தண்ணீரும் ஒரு வில்தான், மிக விறைப்பான வில். எந்தப் பொருளின் விறைப்பையும் இயற்பியலில் ஒரே மாதிரிதான் அளக்கிறோம். ஒரு சதுர அளவின்மேல் விழும் விசை தகைவு. அதனால் பொருள் எத்தனை பங்கு நீள்கிறது அல்லது சுருங்குகிறது என்பது திரிபு. தகைவைத் திரிபால் வகுத்தால் கிடைப்பது குணகம். சிறிய இழுப்புகளில் விசை இரண்டு மடங்கானால் நீட்சியும் இரண்டு மடங்காகும் என்று சொன்னவர் ராபர்ட் ஹூக். வேறு யாராவது முந்திவிடுவார்களோ என்ற பயத்தில் 1676இல் அந்த வாக்கியத்தின் 14 லத்தீன் எழுத்துகளையும் கலைத்து அகரவரிசையில் ஒரு புதிராக அச்சிட்டுவிட்டு, 1678இல்தான் விடையைச் சொன்னார்! காப்புரிமை கேட்கும் வழிகளில் இது கொஞ்சம் வினோதமானதுதான்.

எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கல். ஒரு ஜிகாபாஸ்கல் என்பது கிட்டத்தட்ட பத்தாயிரம் வளிமண்டல அழுத்தம். பி.வி.சி. பிளாஸ்டிக்குக்கு அது 3 ஜிகாபாஸ்கல் அளவில் இருக்கிறது. தண்ணீருக்கு யங் குணகம் கிடையாது. தண்ணீரைக் கம்பியாகப் பிடித்து இழுக்க முடியாதே. திண்மத்துக்கும் பாய்மத்துக்கும் உள்ள வேறுபாடே அதுதான். திண்மம் தன் உருவத்தையும் விட்டுக்கொடுக்காது, பருமனையும் விட்டுக்கொடுக்காது. பாய்மத்துக்கு உருவத்தைப் பற்றிக் கவலையில்லை, சொம்பில் ஊற்றினால் சொம்பு, குடத்தில் ஊற்றினால் குடம். ஆனால் பருமன் என்று வந்துவிட்டால் அதற்கும் வீம்பு உண்டு. தண்ணீரின் பருமக் குணகம் 2.2 ஜிகாபாஸ்கல்.

இந்த விறைப்பினால் தண்ணீருக்குள் அழுத்தச் செய்தி வினாடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தண்ணீருக்குள் ஒலியின் வேகமும் அதுவே. இரண்டும் ஒன்றுதான். இரும்புக் குழாய்க்குள் சற்றுக் குறைந்து 1,400 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இனி நீர்ச்சம்மட்டியின் பலத்தை ஒரு சிறு மனக்கணக்கில் கண்டுவிடலாம்.

குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர், தண்ணீரின் வேகம் வினாடிக்கு 1 மீட்டர் என்று கொள்ளுங்கள். மடல் சாத்திவிட்டது. செய்தி வினாடிக்கு 1,400 மீட்டர் ஓடுவதால், அதே கணக்கில் ஒரு வினாடிக்கு 1,400 மீட்டர் நீளத் தண்ணீர், அதாவது 140 கிலோ, 1 மீட்டர் வேகத்திலிருந்து பூஜ்யத்துக்கு வருகிறது. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி அதற்கு வேண்டிய விசை 140 நியூட்டன். ஒரு சதுர சென்டிமீட்டரில் 14 கிலோ எடையை வைத்ததற்குச் சமம், அதாவது 14 வளிமண்டல அழுத்தம். 140 மீட்டர் உயரத்தில் தொட்டி வைத்தால் அடியில் வரும் அழுத்தம் அது. எங்கள் தொட்டி மூன்றாம் மாடியில்தான் இருக்கிறது. சுவர் ஏன் அதிராது?

குழாய் எவ்வளவு நீளம், தண்ணீர் மொத்தம் எவ்வளவு என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அடர்த்தி, செய்தியின் வேகம், நின்ற தண்ணீரின் வேகம் மூன்றையும் பெருக்கினால் போதும். நீளத்துக்கு வேறு வேலை இருக்கிறது: அழுத்த அலை தொட்டிவரை போய், அங்கே திறந்த வாயில் எதிரொலித்துத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அது தீர்மானிக்கிறது. அலை இப்படிப் போய்வந்து போய்வந்து ஓய்வதைத்தான் முதல் ‘டம்’முக்குப் பிறகு வரும் சிறு அதிர்வுகளில் கேட்கிறோம். வால்வை மூடுவதற்கு எடுக்கும் நேரம், அலை போய்வரும் நேரத்தைவிடப் பலமடங்கு நீண்டால் அடியின் வலு தணியும். கேட் வால்வை மெல்லச் சுற்றி மூடுங்கள் என்று பம்பு ஹவுஸ்காரர்கள் சொல்வது இதனால்தான்.

இதை ஊர் அளவில் அளந்தவர் நிகோலாய் ஜுகோவ்ஸ்கி. விமான இறக்கையின் தூக்குவிசைக் கோட்பாட்டில் அவர் பெயர் அடிபடும். ஆனால் 1897–98இல் அவர் மாஸ்கோவில் குடிநீர்க் குழாய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெவ்வேறு விட்டமுள்ள நீண்ட குழாய்களில் வால்வைச் சட்டென்று மூடி, அழுத்தம் ஏறுவதையும் அலை திரும்பி வருவதையும் பதிவு செய்தார். அந்தப் பதிவில் இடையில் ஒரு சிறு நெளிவு தெரிந்தால், குழாயில் அந்தத் தூரத்தில் கசிவு இருக்கிறது என்று பொருள். தோண்டிப் பார்க்காமலே கசிவு தெரிந்துவிடும். மணிக்கட்டைப் பிடித்து உடம்பைப் படிப்பவர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான், அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால் பிளாஸ்டிக் குழாய். இரும்புக் குழாயை எடுத்துவிட்டு அதே அளவு பி.வி.சி. குழாயைப் போட்டால் செய்தியின் வேகம் வினாடிக்கு 550 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அடியும் 14 வளிமண்டலத்திலிருந்து ஐந்தரைக்கு வந்துவிடும். தண்ணீர் அதே தண்ணீர்தான். மாறியது சுவர். அழுத்தம் ஏறும்போது வரும் தண்ணீருக்கு இடம் கொடுப்பது யார் என்பதுதான் கேள்வி. தண்ணீர் சுருங்கி இடம் தரலாம், அல்லது சுவர் விரிந்து இடம் தரலாம். இரும்புக் குழாயில் சுவர் அசைந்துகொடுக்காது. தண்ணீர்தான் சுருங்கியாக வேண்டும். பிளாஸ்டிக்கில் சுவரே பெரும்பங்கு இடத்தைத் தந்துவிடுகிறது. கூட்ஸ் வண்டியில் விறைப்பான வில்லுக்குப் பதில் தொளதொள வில்லை மாட்டியதுபோல, செய்தி ஆற அமரப் போகும். இரண்டில் எது மெத்தென்று இருக்கிறதோ, அதுதான் வேகத்துக்குச் சொந்தக்காரர்.

அப்படியானால் பிளாஸ்டிக்கைவிடப் பல்லாயிரம் மடங்கு மெத்தென்ற குழாய் ஒன்று இருந்தால்? இருக்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவர், ஏறத்தாழ அரை மெகாபாஸ்கல் குணகம் கொண்டது. ரத்தத்தின் பருமக் குணகம் தண்ணீரை ஒத்தது என்பதால், சுவர் ரத்தத்தைவிட நாலாயிரம் மடங்குக்கு மேல் மெத்து. இங்கே ரத்தம் சுருங்குவதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். இடம் கொடுப்பது முழுக்க முழுக்கச் சுவர். விளைவு, 1,400 மீட்டராக இருந்த வேகம் இளம் வயதினரின் பெருந்தமனியில் வினாடிக்கு 5, 6 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. மிதிவண்டியின் வேகம்.

மணிக்கட்டில் விரல் வைத்தால் தட்டுவது இந்த அலைதான். இதயம் துடித்தபோது வெளியே வந்த ரத்தம் ஓடிவந்து விரலைத் தட்டுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம்; பள்ளியில் நானும் அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். ரத்தம் அவ்வளவு வேகமாக வருவதில்லை. பெருந்தமனியிலேயே அதன் சராசரி வேகம் வினாடிக்கு 20 சென்டிமீட்டர் அளவுதான், கைக்கு வர வர இன்னும் குறையும். மணிக்கட்டை எட்ட அதற்குச் சில வினாடிகள் ஆகும். துடிப்போ பத்தில் ஒரு வினாடியை ஒட்டிய நேரத்தில் வந்துவிடுகிறது. நாடியில் நாம் தொடுவது ரத்தத்தை அல்ல, ரத்தம் புறப்பட்டுவிட்டது என்று தமனியின் சுவர் கொண்டுவரும் தகவலை.

திண்மங்களின் விறைப்புக்குத் தன் பெயரைத் தந்த தாமஸ் யங், பிழைப்புக்கு மருத்துவர். ஒளி ஒரு அலை என்று காட்டியவரும், ரொசெட்டா கல்லின் எகிப்திய எழுத்துகளோடு போராடியவரும் இவரே. குணகத்தைப் பற்றி 1807இல் அச்சான தன் சொற்பொழிவுகளில் எழுதினார். (அந்தக் கருத்தை ஆய்லர் அவருக்கு முன்பே தொட்டிருக்கிறார், யங் தந்த விளக்கமோ படிப்பவரைச் சோதிக்கும் அளவுக்குக் குழப்பமானது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.) அடுத்த ஆண்டே, 1808இல், லண்டன் ராயல் சொசைட்டியில் இதயத்தையும் தமனிகளையும் பற்றிப் பேசியபோது, மீள்தன்மையுள்ள குழாயில் துடிப்பு என்ன வேகத்தில் ஓடும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். எஃகுக் கம்பியை அளக்கும் அதே கண்ணோடு ரத்தக்குழாயையும் பார்த்தார்.

சூத்திரம் முழு உருவம் பெற்றது 1878இல், நெதர்லாந்தில். மூன்ஸ் என்பவர் குழாய்களில் அளந்து பார்த்தார். கோர்டெவெக் என்பவர் கணிதத்தில் வருவித்தார். சுவரின் குணகமும் தடிமனும் கூடினால் வேகம் கூடும், குழாயின் விட்டமும் ரத்தத்தின் அடர்த்தியும் கூடினால் குறையும். முதல் இரண்டின் பெருக்கத்தை அடுத்த இரண்டின் பெருக்கத்தால் வகுத்து, அதன் வர்க்கமூலம் எடுத்தால் அதுதான் விடை. மருத்துவ நூல்கள் இன்றும் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கின்றன.

இப்போது நீர்ச்சம்மட்டிக் கணக்கை இதயத்தின்மேல் போட்டுப் பார்க்கலாம். துடிப்பின் உச்சத்தில் பெருந்தமனியில் ரத்தத்தின் வேகம் வினாடிக்கு 1 மீட்டரை ஒட்டி இருக்கும். அடர்த்தி 1,050, அலையின் வேகம் 5. மூன்றையும் பெருக்கினால் 5,250 பாஸ்கல். ரத்த அழுத்தம் அளக்கும் அலகில் அது ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் பாதரசம். 120க்கு 80 என்று மருத்துவர் எழுதித் தரும்போது இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் எவ்வளவு? முதன்முதல் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரொலித்து வரும் அலைகள், கிளைக்குழாய்கள் என்று உண்மையில் சிக்கல்கள் பல உண்டு, எண் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது. ஆனால் அளவு சரியாக இருப்பது அதிர்ஷ்டம் அல்ல. பெருந்தமனி இரும்பாக இருந்திருந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் 11,000 மில்லிமீட்டர் ஏற வேண்டும். எந்த இதயம் தள்ளும்?

தமனியின் சுவர் வெறும் ரப்பர் அல்ல. ரப்பராக இருந்தால் என்ன ஆகும் என்று திருவிழாவில் விற்கும் நீள பலூனில் பார்க்கலாம். ஊதும்போது முழு நீளமும் சேர்ந்து உப்பாது. ஓரிடம் மட்டும் முதலில் பொம்மென்று புடைக்கும். உள்ளே அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் சுவரில் விழும் இழுவை அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கிய அளவு. கொஞ்சம் பெருத்த இடத்தில் இழுவை அதிகம், அதனால் அது மேலும் பெருக்கும், சுவரும் மெலியும். தமனியில் இப்படி ஆனால் உயிருக்கு ஆபத்து.

1957இல் கனடாவில் மார்கோட் ரோச், ஆலன் பர்ட்டன் இருவரும் மனிதத் தமனித் துண்டுகளை எடுத்து ஒரு எளிய சோதனை செய்தார்கள். சுவரில் எலாஸ்டின், கொலாஜன் என்று இரண்டு புரத இழைகள் உண்டு. சில துண்டுகளில் எலாஸ்டினை நொதியால் செரிக்கவைத்தார்கள். சிலவற்றில் கொலாஜனை ஃபார்மிக் அமிலத்தால் அகற்றினார்கள். பிறகு இழுத்துப் பார்த்தார்கள். கொலாஜன் போன துண்டு கடைசிவரை இளகலாகவே நீண்டது. எலாஸ்டின் போன துண்டு முதலிலிருந்தே விறைத்தது. இரண்டும் இருக்கும் தமனியில் முதல் இழுப்பை எலாஸ்டின் தாங்குகிறது. அதுவரை சுருண்டு கிடக்கும் கொலாஜன், இழுப்பு கூடும்போது நிமிர்ந்து விறைக்கிறது. பாவாடை இடுப்பில் எலாஸ்டிக்கையும் நாடாவையும் சேர்த்துத் தைத்ததுபோல. ஹூக்கின் விதியை மீறுவதால்தான் தமனி பலூன்போல ஓரிடத்தில் புடைத்துக்கொள்வதில்லை.

சுவர் விரிவதில் இன்னொரு லாபம் இருப்பதைக் கண்டவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு பெண்குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறுவதைக் கண்டு 1733இல் எழுதினார். ரத்த அழுத்தத்தின் முதல் அளவீடு அது. படிக்க மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். அதே நூலில் அவருக்கு ஒரு கேள்வி: இதயம் விட்டு விட்டுத் தள்ளும்போது நுண்ணிய குழாய்களில் ரத்தம் விடாமல் ஓடுவது எப்படி? அவர் காலத்துத் தீயணைப்பு எந்திரங்களில் ஆட்கள் மாறி மாறிப் பம்பை அடிப்பார்கள். ஆனாலும் தண்ணீர் விட்டு விட்டுப் பீய்ச்சாமல் ஒரே சீராக வரும். நடுவே காற்று அடைத்த ஒரு கலம் இருக்கும். பம்பு அடிக்கும்போது தண்ணீர் அந்தக் காற்றை அமுக்கி உள்ளே ஏறும். அடிக்கு அடி இடைவெளியில் காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளும். ஹேல்ஸ் பெருந்தமனியை அந்தக் கலத்தோடு ஒப்பிட்டார். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் 70 மில்லிலிட்டரில் ஏறக்குறைய பாதியைப் பெருந்தமனி தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொண்டு, இதயம் ஓய்ந்திருக்கும்போது முன்னே அனுப்புகிறது.

நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஆண்டுக்கு 3.7 கோடி. அறுபது வயதுக்குள் 220 கோடி தடவை அந்தச் சுவர் விரிந்து சுருங்கியிருக்கும். எலாஸ்டின் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பும் சிறுவயதிலும் உருவாவது. வளர்ந்தபின் உடல் அதைப் புதிதாகப் போடுவது மிக அரிது. இழைகள் அறுந்து தேயத் தேய, சுமை கொலாஜனிடம் போகிறது. சுவர் விறைக்கிறது. அலையின் வேகம் 5லிருந்து 10 மீட்டராகிறது. நம் கணக்கில் வேகம் இரட்டித்தால் 40 மில்லிமீட்டரும் 80 ஆக வேண்டும்; வயதானவர்களுக்கு மேல் எண் 160ஐத் தொட, கீழ் எண் 80இலேயே நிற்பது இப்படித்தான் தொடங்குகிறது. எதிரொலி வேறு சேர்ந்துகொள்கிறது. கிளைகளில் பட்டுத் திரும்பும் அலை, இளவயதில் இதயத்தின் வால்வு மூடிய பிறகு சாவகாசமாக வந்து சேரும். வேகம் கூடிவிட்டால் இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே எதிரே வந்து முட்டும். கழுத்திலும் தொடையிலும் கருவி வைத்து இந்த வேகத்தை அளக்கும் முறை இப்போது வழக்கத்தில் இருக்கிறது. வினாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் மருத்துவர்கள் கவனிக்க ஆரம்பிப்பார்கள்.

எங்கள் வீட்டுச் சத்தத்துக்கு வேறொரு பிளம்பர் வந்து வழி சொன்னார். ஒருவழி வால்வுக்குச் சற்று மேலே ஒரு டீ மாட்டி, அதிலிருந்து இரண்டடிக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, தலையில் மூடி போட்டார். உள்ளே காற்று மட்டும். ஹேல்ஸ் பார்த்த அதே கலம்தான் என்று அவரிடம் சொல்ல நினைத்து, சொல்லவில்லை. அன்று இரவு மோட்டார் நின்றபோது கதவைத் துணி சுற்றிச் சாத்தியதுபோல ஒரு மெல்லிய ஓசை மட்டும் வந்தது. ஆனால் அடைபட்ட காற்று அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்துவிடும். ஏழெட்டு மாதத்தில் குழாய் முழுக்கத் தண்ணீர் ஏறி, பழைய ‘டம்’ திரும்பிவிடும். அப்போது மூடியைக் கழற்றி, தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி மூடினால் போதும். ஸ்பேனரை மாடிப்படிக்குக் கீழேயே வைத்திருக்கிறேன்.